ஆசிரியர் ஓய்வு பெற்றால் பாடமும் ஓய்வு பெறலாமா?

திருவள்ளூர் நகரத்தை விட்டு ஆவடிப் பக்கம் வண்டியைத் திருப்பினால் சில நிமிடங்களில் காக்களூர் வந்துவிடும். ஏரி இருக்கிறது, வரிசை வரிசையாக வீட்டுமனைகளும் இருக்கின்றன. ஆனால் வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருப்பது சிட்கோ தொழிற்பேட்டையால்தான். சிறிதும் நடுத்தரமுமாகப் பட்டறைகள், பெயிண்ட் கம்பெனிகள், உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் கூடங்கள், ஆவின் பால்பண்ணை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட் வாசலில் நின்றால் தமிழோடு இந்தியும் ஒடியாவும் காதில் விழும்.

பக்கத்தில் மேல்நல்லாத்தூரில் மண் அள்ளும் ராட்சத இயந்திரங்களைச் செய்கிறது கேட்டர்பில்லர். ஒரு காலத்தில் அது இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. மிட்சுபிஷி லான்சர் கார்கள் 1998 முதல் திருவள்ளூரில்தான் உருவாயின. மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட். கம்பி உருட்டும் ஆலைகளும் வார்ப்படக் கூடங்களும் அங்கே அதிகம். அதே வட்டத்தில் தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. தமிழ்நாட்டில் இரும்பும் இயந்திரமும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் மாவட்டங்கள் அதிகமில்லை.

இந்த மாவட்டத்துப் பையன் +2 முடித்துவிட்டு இந்த கேட்டுகளில் எப்படி நுழைகிறான்? பெரும்பாலும் காண்ட்ராக்டர் வழியாக, ஹெல்பராக. மெஷினில் நிற்பவன் இன்னொருவன். அவனுக்குப் பொருள் தூக்கிக் கொடுப்பவன் இவன். வெர்னியர் காலிபரைப் பிடித்து அளவு சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு சம்பளம், தெரியாதவனுக்கு வேறொன்று. இந்த வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்திலேயே, செலவில்லாமல், பதினாறு வயதில் தீர்த்துவைக்கும் ஏற்பாடு ஒன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டாக இருக்கிறது. அதற்குப் பெயர் மேல்நிலைத் தொழிற்கல்வி. மாணவர்கள் வாயில் ‘வொகேஷனல் குரூப்’.

அது ஏன் தேய்ந்துகொண்டே போகிறது, அதற்காகக் குரல் கொடுப்பவர்கள் யார் என்பதுதான் இங்கே விஷயம்.

இந்தப் பிரிவின் வரலாறு வேலூரில் பிறந்த ஒரு தமிழரோடு சேர்ந்தது. மால்கம் ஆதிசேசய்யா யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை 1971-ல் தொடங்கியவர். பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். மேல்நிலைக் கல்வியையும் அதில் தொழிற்கல்வியின் இடத்தையும் ஆராய மத்திய அரசு அமைத்த தேசியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். குழுவின் அறிக்கை 1978-ல் வந்தது. செய்து கற்பதே அதன் மையக் கருத்து. கோத்தாரி கல்விக் குழு 1966-லேயே இதே திசையைக் காட்டியிருந்தாலும், பள்ளிக்கூட அளவில் இதை எப்படி நடத்துவது என்று இறங்கிப் பேசிய அறிக்கை ஆதிசேசய்யாவுடையது.

அதே 1978-ல் தமிழ்நாட்டில் பழைய பி.யு.சி. போய் +2 வந்தது. இயற்பியல், வேதியியல், வரலாறு என்ற வழக்கமான பிரிவுகளோடு தொழிற்கல்விப் பிரிவும் முதல் ஆண்டிலேயே சேர்ந்து வந்தது. நாட்டில் இதை இவ்வளவு பரவலாக, இவ்வளவு சீக்கிரம் தொடங்கிய மாநிலங்கள் சொற்பம். பொது எந்திரவியல், மின் சாதனங்கள், விவசாயம், செவிலியம், தையல், அலுவலக வேலை என்று நீண்ட பட்டியல். அந்தந்த ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதை ஒட்டிப் பாடம் அமையட்டும் என்பது யோசனை. நல்ல யோசனை.

பாடம் வந்துவிட்டது. நடத்துவது யார்? பி.எட். முடித்த ஆசிரியருக்கு லேத் ஓட்டத் தெரியாது. லேத் ஓட்டத் தெரிந்தவரிடம் பி.எட். இல்லை. எனவே டிப்ளமோ முடித்தவர்களையும் தொழில் அனுபவம் உள்ளவர்களையும் பகுதிநேரமாக எடுத்தார்கள். ‘ஒற்றைப் பகுதிநேரம்’, ‘இரட்டைப் பகுதிநேரம்’ என்று அதிலேயே இரண்டு ஜாதி. ஊதியம் சொற்பம், கோடை விடுமுறையில் என்ன ஆகும் என்பது தெரியாத நிலை. பின்னர் படிப்படியாக அவர்கள் முழுநேரப் பணிக்குள் வந்தார்கள். அது யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. மனு, பேரணி, நீதிமன்றம் என்று சங்கம் வழியாக ஒவ்வொரு படியாக ஏறி வாங்கியது. தமிழ்நாடு தொழிற்கல்வி ஆசிரியர் கழகம் போன்ற அமைப்புகளின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. பகுதிநேரமாக உழைத்த ஆண்டுகளில் பாதியையாவது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் சேருங்கள் என்ற கோரிக்கை இன்றைக்கும் அவர்கள் பட்டியலில் இருப்பதன் காரணமும் அதுவே.

வொகேஷனல் குரூப்பில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்றை மட்டும் பார்க்கலாம். அடிப்படை இயந்திரவியல் செய்முறை வகுப்பில் முதலில் கையில் கொடுப்பது ஒரு இரும்புத் துண்டும் ஒரு அரமும்தான். துண்டை வைஸில் இறுக்கி, நான்கு பக்கமும் ராவி, மூலைகள் செங்கோணமாக வரச் செய்ய வேண்டும். கேட்க எளிது. பையன் அரை மணி நேரம் ராவிவிட்டுக் கொண்டுவந்து நீட்டுவான். ஆசிரியர் ட்ரை ஸ்கொயரை அதன் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் போச்சு, மறுபடி வைஸுக்குப் போக வேண்டியதுதான். அரத்தை முன்னே தள்ளும்போதுதான் அழுத்தம், பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். இரண்டு கையின் பலமும் சமமாக இல்லாவிட்டால் நடுவே மேடு விழும். இதையெல்லாம் புத்தகம் சொல்லும், ஆனால் தோளுக்குச் சொல்லாது. பக்கத்தில் நின்று முழங்கையைத் தட்டிச் சரிசெய்ய ஒருவர் வேண்டும். அதன் பிறகுதான் 0.02 மில்லிமீட்டர் வரை அளக்கும் வெர்னியர், அதற்குப் பிறகு லேத்.

இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால் இன்னொரு ஆசிரியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல முடியாது. கணக்கு வாத்தியார் லீவு போட்டால் இயற்பியல் வாத்தியார் சமாளிப்பார். லேத்துக்கு அந்த வழி கிடையாது.

1978-லும் எண்பதுகளிலும் பணிக்கு வந்த தலைமுறை வயதாகி ஓய்வு பெறத் தொடங்கியபோதுதான் அடி விழுந்தது. ஆசிரியர் ஓய்வு பெறுவார், இடம் நிரப்பப்படாது, அடுத்த ஆண்டு அந்தப் பிரிவில் சேர்க்கை நிற்கும், மாணவரே இல்லை என்பதால் பிரிவு மூடப்படும். மாணவர் இல்லாத பிரிவுக்கு ஆசிரியர் எதற்கு என்று பிறகு கோப்பில் எழுதுவார்கள். கோழியா முட்டையா என்ற வழக்கு இங்கே குழப்பமே இல்லாமல் தீர்ந்துவிடுகிறது: முதலில் போனவர் ஆசிரியர்தான். ஒருகாலத்து நீண்ட பட்டியல், 2018-ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது பன்னிரண்டு பாடங்களாகச் சுருங்கியிருந்தது. பாடநூல் புதிதாக, நன்றாகவே அச்சாகி வந்தது. அதை நடத்த ஆள்தான் பல பள்ளிகளில் இல்லை.

காலியிடங்களை நிரப்புங்கள், மூடிய பிரிவுகளைத் திறங்கள் என்று தொழிற்கல்வி ஆசிரியர்கள் கேட்பதை வெளியே இருப்பவர்கள் வேலைவாய்ப்புக் கோரிக்கை என்று மட்டுமே பார்க்கிறார்கள். இந்தத் துறையில் பணியிடமும் பாடமும் ஒன்றுதான். ஒன்றைக் கேட்டால் மற்றதையும் கேட்டதாகவே அர்த்தம்.

இன்னொரு கூட்டத்தின் நிலை இதைவிட மோசம். 2012-ல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம் தவிர, தையல், கணினி, தோட்டக்கலை, கட்டிடக்கலை, இசை, வாழ்வியல் திறன் என்று தொழில் சார்ந்த பாடங்கள் இவர்கள் பொறுப்பு. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அது 7,000, 7,700, 10,000 என்று நகர்ந்து 2024-ல் 12,500-ஐ எட்டியது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இவர்களைப் பணிநிரந்தரம் செய்வதாகத் தி.மு.க. கொடுத்த வாக்குறுதியின் எண் 181. அந்த எண்ணைப் பகுதிநேர ஆசிரியர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். 2023 செப்டம்பர் கடைசியிலிருந்து நுங்கம்பாக்கத்தில் பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்தார்கள், அக்டோபர் தொடக்கத்தில் 2,500 ரூபாய் ஊதிய உயர்வு அறிவிப்பு வந்தது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத் தையல் மெஷினில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர், தன் வீட்டு வாடகைக்கு வேறு வேலையும் பார்க்க வேண்டிய சம்பளத்தில் பன்னிரண்டு ஆண்டு இருந்திருக்கிறார் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

ஆசிரியர்கள் தங்கள் பேச்சைச் சட்டமன்றத்துக்குள்ளேயே பேசிய காலமும் ஒன்று இருந்தது. அரசியல் சட்டத்தின் 171-ஆவது பிரிவுப்படி, மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-ல் கலைக்கப்பட்டது. அதோடு அந்த வாசலும் மூடிக்கொண்டது. மேலவை வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. ஆனால் அதற்குப் பிறகு ஆசிரியர் அமைப்புகளுக்கு மிச்சமானவை அமைச்சர் அறை, உயர் நீதிமன்றம், டி.பி.ஐ. வாசல் ஆகிய மூன்றும்தான்.

தொழிற்கல்வி என்றாலே தமிழ்நாட்டில் ஒரு பழைய காயம் வலிக்கும். ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1953-ல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் காங்கிரசிலேயே ஒரு பகுதியும் எதிர்த்தன. ராஜாஜி பதவி விலக, 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் அடுத்த மாதமே அதை ரத்து செய்தார். சரியான முடிவு. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவே பள்ளி வழிகாட்டினால் அது பள்ளியே அல்ல.

அந்த எச்சரிக்கை உணர்வு இன்னும் மங்கவில்லை. மத்திய அரசு 2023-ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தைக் குடும்பத் தொழிலை வலியுறுத்துகிறது என்று சொல்லி ஏற்காத தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கியது. இளம் வயதில் யாரும் படிப்பை விட்டுத் தொழிலுக்குப் போய்விடக் கூடாது என்பது கவலை.

ஆனால் மேல்நிலைத் தொழிற்கல்வி இதற்கு நேர்மாறான ஏற்பாடு. யார் வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் படிக்கலாம். கூடவே தமிழும் ஆங்கிலமும் படித்துப் பொதுத்தேர்வு எழுத வேண்டும். குலக்கல்விக்கு மாற்று மருந்து என்றே அதைச் சொல்லலாம். இந்த வேறுபாட்டை மக்களிடம் எடுத்துச் சொல்லும் வேலையை ஆசிரியர் அமைப்புகள் போதுமான அளவு செய்யவில்லை. ஊதியக் குழுவுக்கு எழுதிய மனுக்களில் பத்தில் ஒரு பங்கு பெற்றோருக்குத் துண்டறிக்கையாகப் போயிருந்தால், ‘மார்க் குறைஞ்சா வொகேஷனல்’ என்ற பேச்சு இவ்வளவு வேரூன்றியிருக்காது. தலைமையாசிரியர்களுக்கும் இந்தப் பழியில் பங்குண்டு. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை அளவுகோலாக வைத்து, மிச்சம் மீதியை அந்தப் பிரிவில் தள்ளிவிடுவதைப் பல பள்ளிகள் சேர்க்கைக் கொள்கையாகவே வைத்திருக்கின்றன.

அமெரிக்காவின் கதை இந்த இடத்தில் பயன்படும். 1906-ல் அங்கே தொழிற்கல்விக்காக ஒரு தேசிய அமைப்பு உருவாகி, பத்தாண்டுகள் விடாமல் பேசியதில் 1917-ல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் கூட்டாட்சி அரசின் பணத்தை முதலில் எதற்கு ஒதுக்கியது தெரியுமா? தொழிற்கல்வி ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும். கட்டடமும் கருவியும் உள்ளூர் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். 1926-ல் தொழிற்கல்வி ஆசிரியர்களின் நாடளாவிய சங்கம் ஒன்று அமைந்தது. ஆண்டுதோறும் உறுப்பினர்கள் வாஷிங்டன் போய்த் தங்கள் தொகுதி உறுப்பினர்களைச் சந்தித்து, தங்கள் மாணவர்கள் என்ன செய்கிறார்கள், எங்கே வேலைக்குப் போனார்கள் என்று எடுத்துச் சொல்வது இன்றும் அந்தச் சங்கத்தின் வழக்கம். 1984-ல் வந்த பெர்கின்ஸ் சட்டம் 2018-ல் இரு கட்சிகளின் ஆதரவோடும் புதுப்பிக்கப்பட்டது. அதன் வழியாக ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் தொழிற்கல்விக்குப் போகிறது. அமெரிக்காவில் எல்லாம் சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கறுப்பினப் பிள்ளைகளைத் தொழிற்பிரிவில் ஒதுக்கிய வரலாறு அங்கும் உண்டு. ஆனால் பாடத்துக்காகப் பேசுவதும் சம்பளத்துக்காகப் பேசுவதும் அங்கே ஒரே மனுவில் இருந்தன.

இந்தியாவில் தொழில்நுட்பக் கல்லூரி முதல்வர்கள் 1941-ல் தொடங்கிய சங்கம், 1968-ல் இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகமாக விரிந்தது. பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கு அது மேடை. பள்ளிக்கூடத்துத் தொழிற்கல்வி ஆசிரியருக்கு அப்படியொரு தேசிய மேடை இல்லை. அவருக்கு மாநிலச் சங்கம்தான் எல்லாம்.

தில்லியின் இலக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1986 கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் தொழிற்பிரிவில் இருப்பார்கள் என்றது. 1992-ல் அந்த ஆண்டு 2000-க்குத் தள்ளிப்போனது. 2020 கொள்கை, 2025-க்குள் 50 சதவீத மாணவர்களுக்குத் தொழிற்கல்வி அறிமுகம் என்றது. அதே ஆவணம்தான் 19 முதல் 24 வயதுத் தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஜெர்மனியில் 75, தென்கொரியாவில் 96 என்றும் ஒப்புக்கொள்கிறது. கொள்கைச் சண்டையில் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதி நின்றுபோனது ஊரறிந்த செய்தி.

மாநில அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. டாட்டா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியது, ரோபோவும் சி.என்.சி. இயந்திரமும் அங்கே வந்திருக்கின்றன. 2022 மார்ச்சில் நான் முதல்வன் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தாலும் கிடைக்கும். இவை நல்ல காரியங்கள்தான். ஆனால் ஐ.டி.ஐ.க்குப் பாய்ந்த பணத்தில் ஒரு சிறு வாய்க்காலாவது மேல்நிலைப் பள்ளியின் பழைய வொர்க்‌ஷாப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு ஐ.டி.ஐ. போ என்பதும், +2-விலேயே தொழிலும் படி என்பதும் குடும்பத்துக்கு ஒன்றல்ல.

தொழிற்கல்வி என்பது கைவேலை மட்டும் என்ற நினைப்பைக் காக்களூரே கலைத்துவிடும். 2024 மே மாதக் கடைசியில் சிட்கோவில் ஒரு பெயிண்ட் ஆலை தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்த விபத்தின் காரணத்தை ஆராய்வது அதிகாரிகள் வேலை. பொதுவாக ஒன்று மட்டும் சொல்லலாம்: கரைப்பான் ஆவியாகும் இடத்தில் ஒரு சின்னத் தீப்பொறி என்ன செய்யும், ஓடும் இயந்திரத்தருகே தொங்கும் துணி ஏன் ஆகாது, எந்தத் தீக்கு எந்த அணைப்பான் என்பவை செய்முறை வகுப்பின் முதல் பாடங்கள். அதைக் கேட்டவன் கேட்டுக்குள் போவதும் கேட்காதவன் போவதும் வேறு வேறு.

காக்களூர், கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளுக்கும் இதில் பொறுப்புண்டு. 1961-ஆம் ஆண்டு தொழில்பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் முதலாளிகள், பக்கத்து அரசுப் பள்ளியின் வொர்க்‌ஷாப்புக்குப் பழைய லேத் ஒன்றை அனுப்பினாலே பாதி வேலை முடியும். ஆசிரியர் சங்கம் டி.பி.ஐ. வாசலுக்குப் போவதுபோல் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்க அலுவலகத்துக்கும் போக வேண்டும். பேசுவதற்கு இரு தரப்பிடமும் விஷயம் இருக்கிறது.

பெற்றோர் கேட்க வேண்டியது வேறு. தொழிற்பிரிவில் படித்தால் மேற்படிப்பு அடைபட்டுப்போகும் என்ற பயம் பொய். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்வில் தொழிற்பிரிவினருக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் பொருந்தும். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வொகேஷனல் குரூப் இருக்கிறதா, இருந்து மூடப்பட்டதா, ஆசிரியர் பணியிடம் எத்தனை ஆண்டாகக் காலி என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். ஆசிரியர் சங்கம் தனியாகக் கேட்டால் அது ஊழியர் கோரிக்கை. ஊரும் சேர்ந்து கேட்டால் கோட்டையில் அந்தக் கோப்பை ஒதுக்கி வைப்பது சுலபமல்ல.